முதல் இரண்டு சீட்டு: போக்கரில் சிப்ஸ் ஏன் கரைகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் போக்கர் பழக வருகிற பலர் ரம்மியிலிருந்து வருகிறவர்கள். பதின்மூன்று சீட்டையும் விரித்து, பியூர் சீக்வென்ஸுக்கு வழி இருக்கிறதா, ஜோக்கர் எத்தனை என்று பார்ப்பார்கள். தேறாத கை என்றால் முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஸ்கூட் அடித்து விலகிவிடுவார்கள். பாயிண்ட்ஸ் ரம்மியில் 20 பாயிண்டோடு போகும். கடைசிவரை உட்கார்ந்து 80 வாங்குவதைவிட அது மேல். அந்த ஒழுங்கு போக்கருக்கும் அப்படியே வேண்டும். சொல்லப்போனால் போக்கரில் ஸ்கூட் இன்னும் மலிவு. பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சிப்ஸ் போட வேண்டிய இரண்டு இடங்களில், இல்லாதபோது ஃபோல்ட் செய்தால், அதாவது கையை விட்டு விலகினால், ஒரு சிப்கூடப் போகாது.

அப்படியிருந்தும் ரம்மியில் கெட்டிக்காரர்கள் டெக்சாஸ் ஹோல்டெமில், அதாவது கையில் இரண்டு சீட்டும் மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டும் வைத்து ஆடும் போக்கரில், வந்த வேகத்தில் காலியாகிறார்கள். ரம்மியில் கையின் தரம் பெரும்பாலும் கைக்குள்ளேயே இருக்கிறது. ஹோல்டெமில் அதே இரண்டு சீட்டு ஓர் இடத்தில் லாபம் தரும், இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தால் நஷ்டம் தரும். அதனால் சீட்டு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இதைவிட மோசமான கையை வைத்துக்கொண்டு யார் எனக்குச் சிப்ஸ் கொடுப்பார்கள்? கீழே வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வருபவை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பேதம் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கியதைக் காட்டி, "நம்ம ஊர்ல ஆடலாம் சார்" என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. வெளிநாட்டுத் தளம், ஏஜென்ட், சாட் குரூப் என்று வருகிற வழிகளின் பக்கமே போகாதீர்கள். இங்கே சொல்வதெல்லாம் பணம் கட்டாமல், பணம் எடுக்காமல் ஆடும் இலவச சிப்ஸ் மேசைக்கு. ஆட்டத்தின் கணக்கு அங்கேயும் மாறுவதில்லை.

எண்களுக்காக ஒரே மேசையை வைத்துக்கொள்வோம். ஆறு பேர், பிளைண்ட் 50/100 (ஸ்மால் பிளைண்ட் 50, பிக் பிளைண்ட் 100), ஒவ்வொருவரிடமும் 10,000 சிப்ஸ். இரண்டு சீட்டும் ஒரே இனமாக இருந்தால், அதாவது இரண்டும் ஆட்டின் அல்லது இரண்டும் கிளாவர் என்றால், அது சூட்டட். இல்லையென்றால் ஆஃப்சூட்.

முதலில் ஒரு பரிசோதனை

60 கை ஆடுங்கள். ஆறு பேர் மேசையில் அது சரியாகப் பத்துச் சுற்று. ஒரு தாளில் இரண்டே கணக்கு: பிளைண்ட் தவிர, நீங்களாக விரும்பி எத்தனை கையில் சிப்ஸ் போட்டீர்கள்? அதில் எத்தனை ரெய்ஸ், அதாவது தொகையை ஏற்றியது? 60 கை சின்ன கணக்குதான், சீட்டு ஒருநாள் வரும், ஒருநாள் வராது. அதனால் மூன்று நாளில் மூன்று முறை எண்ணிச் சராசரி பாருங்கள்.

10 முதல் 14 கை வந்தால் சரியான அளவு. 20-ஐத் தாண்டினால் அடுத்து வரும் கோளாறு உங்களுடையது. 6-க்குக் கீழே என்றால் "யாரும் கால் செய்வதில்லை" என்ற பகுதிக்குப் போங்கள் (கால் என்றால் எதிராளி போட்ட அளவையே நாமும் போடுவது). எண்ணிக்கை சரியாக இருந்து, ரெய்ஸ் மட்டும் பாதிக்கும் குறைவாக இருந்தால் லிம்ப்தான் வியாதி, அதாவது ஏற்றாமல் பிக் பிளைண்ட் அளவை மட்டும் போட்டு உள்ளே வருவது.

பெரிதாக எதையும் தோற்கவில்லை, ஆனால் சிப்ஸ் குறைந்துகொண்டே வருகிறது

இதுதான் அதிகம் பேருக்கு வருவது. கண்ணுக்குத் தெரியாமல் வருவதும் இதுதான். நூறு போட்டு ஃபிளாப், அதாவது மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டைப் பார்க்கிறீர்கள், ஒன்றும் சேரவில்லை, விடுகிறீர்கள். ஜோடி இல்லாத எந்த இரண்டு சீட்டுக்கும் ஃபிளாப்பில் குறைந்தது ஒரு ஜோடியாவது சேர்வது மூன்றில் ஒரு தடவைதான். மூன்றில் இரண்டு தடவை அந்த நூறு தண்ணீரில் போட்டதுதான். ஒரு மணி நேரத்தில் இருபது லிம்ப் செய்தால் 2,000 சிப்ஸ் உள்ளே போகும், அதில் பெரும்பகுதி திரும்பி வராது. யாராவது பின்னால் ரெய்ஸ் செய்தால் நூறை விட மனசில்லாமல் இன்னொரு முந்நூறு போகும்.

இந்தக் கைகளில் பெரும்பாலானவை எப்படி உள்ளே வருகின்றன என்று பார்த்தால், "ரெண்டும் ஆட்டின், ஃபிளஷ் அடிக்கலாம்" என்ற ஆசை. ஃபிளஷ் என்றால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. ஜாக்-4 சூட்டடை எடுத்துக்கொள்வோம். சூட்டட் கைக்கு ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் விழுவது சுமார் 119 தடவையில் ஒரு தடவை. நாலு சீட்டு சேர்ந்து ஒன்றுக்குக் காத்திருக்கும் நிலை வருவது சுமார் 11 சதவீதம். அப்படி வந்தாலும் ரிவர் வரை, அதாவது ஐந்தாவது பொதுச் சீட்டு வரை போனால் மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று மேல்தான் முடியும். அப்படியே முடிந்தாலும் உங்களிடம் இருப்பது ஜாக் ஃபிளஷ். மேசையில் குயின் ஆட்டினோ கிங் ஆட்டினோ வைத்திருப்பவர்தான் உங்களுக்கு முழுசாகக் கால் செய்வார். ஒரு கையைச் சூட்டட் ஆக்குவது அதன் வெற்றி வாய்ப்பை இரண்டு முதல் நான்கு சதவீதம்தான் கூட்டும். ஏற்கெனவே நல்ல கையை அது இன்னும் நல்லதாக்கும். குப்பையைக் கையாக்காது.

திருத்தம் இரண்டு. ஒன்று, உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வரவில்லை என்றால், ஆடுகிற கையை ரெய்ஸ் செய்துதான் ஆட வேண்டும், 300 போடுங்கள். முன்னால் ஒருவர் லிம்ப் செய்திருந்தால் 400, இருவர் என்றால் 500. ரெய்ஸுக்குத் தகுதியில்லாத கை லிம்புக்கும் தகுதியில்லை. இரண்டாவது, இடத்துக்கு ஏற்ற பட்டியல். மனப்பாடம் ஆகும்வரை போனுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முதலில் பேச வேண்டிய இடம், அதாவது பிக் பிளைண்டுக்கு அடுத்தது. ஜோடியில் 7-7 முதல் மேலே எல்லாம். சூட்டடில் ஏஸோடு 10, ஜாக், குயின், கிங்; கூடவே கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10. ஆஃப்சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின் மட்டும். மொத்தம் வரக்கூடிய 1,326 இணைகளில் இது 128, நூறில் பத்துக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சமாகத் தெரிகிறதா? உங்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் பேச வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

அதற்கு அடுத்த இடத்தில் 6-6, 5-5, சூட்டடில் ஏஸ்-9, கிங்-10, குயின்-10, 10-9, ஆஃப்சூட்டில் ஏஸ்-10 ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டனுக்கு (டீலர் இடத்துக்கு) முந்தைய இடமான கட்ஆஃபில் ஜோடி 4-4 வரை இறங்கலாம். சூட்டடில் ஏஸோடு 5 முதல் மேலே, கிங்-9, குயின்-9, ஜாக்-9 முதல் மேலே, 10-9, 9-8. ஆஃப்சூட்டில் ஏஸ்-10 முதல் மேலே, கிங்-ஜாக், கிங்-குயின், குயின்-ஜாக். இது 230 இணை, நூறில் 17.

பட்டன்தான் மேசையிலேயே நல்ல இடம். ஃபிளாப்புக்குப் பிறகு எல்லோரும் பேசிய பின் கடைசியாகப் பேசுவது நீங்கள். எல்லா ஜோடியும் ஆடலாம். சூட்டட் ஏஸ் எல்லாமும், கிங்-7, குயின்-8, ஜாக்-8, 10-8 முதல் மேலே, கூடவே 9-8, 8-7, 7-6, 6-5 என்ற சூட்டட் அடுத்தடுத்த சீட்டுகளும். ஆஃப்சூட்டில் ஏஸ்-8 முதல் மேலே, கிங்-10, குயின்-10 முதல் மேலே, ஜாக்-10. மொத்தம் 346, நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். முதல் இடத்துக்கும் பட்டனுக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் முன்னால் யாரும் ரெய்ஸ் செய்யாதபோதுதான். ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் கணக்கே வேறு. அது அடுத்த பகுதியில்.

ஏஸ் ஜோடி சேர்ந்தும் பெரிய பாட் போகிறது

கையில் ஏஸ் வந்தாலே விடக்கூடாது என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. ஆறு பேர் மேசையில் உங்களிடம் ஒரு ஏஸ் இருக்கும்போது, மற்ற ஐந்து பேரில் ஒருவரிடமாவது இன்னொரு ஏஸ் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி. ஒன்பது பேர் மேசையில் அது நூறில் 69. எனவே ஏஸ்-6 ஆஃப்சூட் என்பது ஏஸ் அல்ல, அது 6. உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிப்பது அந்தக் கிக்கர், அதாவது ஏஸோடு கூட இருக்கும் சீட்டு.

ஒரு கையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் இடத்தில் ஏஸ் இஸ்பேடு, 6 டைமனோடு 300 போடுகிறீர்கள். கட்ஆஃப் கால், மற்றவர்கள் ஃபோல்ட். பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ், 750. ஃபிளாப் ஏஸ்-9-4, மூன்றும் வேறு வேறு இனம். நீங்கள் 500, அவர் கால். டர்ன், அதாவது நாலாவது பொதுச் சீட்டு, 2. நீங்கள் 1,200, அவர் கால். ரிவர் குயின். நீங்கள் 2,000, அவர் கால் செய்து ஏஸ்-ஜாக்கைத் திறக்கிறார். போனது 4,000.

இப்போது அதே கையில் அவரிடம் கிங்-10 இருந்தால்? ஃபிளாப்பில் ஏஸைப் பார்த்ததும் விட்டுவிடுவார். உங்களுக்கு லாபம் அவர் போட்ட 300-ம் பிளைண்டுகளின் 150-ம் சேர்த்து 450. ஜெயித்தால் 450, தோற்றால் 4,000. மோசமான ஏஸ் வைத்திருப்பவர் கால் செய்யும் தடவைகள் உண்டுதான். ஆனால் போர்டில், அதாவது பொதுச் சீட்டுகளில், ஏஸ் தவிர 6-ஐவிடப் பெரிய சீட்டு மூன்று வந்துவிட்டால் ஏஸ்-3 காரரோடு பாட் பாதியாகிவிடும். அந்தக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள்: ஃபிளாப், டர்ன், ரிவர் என்ற மூன்று தெருவிலும் இதைவிட மோசமான எந்தக் கை உங்களுக்குக் கால் செய்யும்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால், முதலிலேயே ஃபோல்ட்.

இதே வியாதி ஏஸ்-ஜாக்குக்கும் வரும், முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால். கையைக் கட்டி ஆடுகிற ஒருவர் முதல் இடத்திலிருந்து ரெய்ஸ் செய்கிறார். உங்களிடம் ஏஸ்-ஜாக் ஆஃப்சூட். அவரிடம் 10-10 முதல் மேலே உள்ள ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின் சூட்டட் இருக்கலாம் என்று வையுங்கள். எண்ணிப் பார்க்கலாம். ஒரு ஜோடி ஆறு விதமாக வரும். உங்களிடம் ஒரு ஏஸும் ஒரு ஜாக்கும் இருப்பதால் ஏஸ் ஜோடியும் ஜாக் ஜோடியும் மூன்று மூன்று விதம்தான். 10, குயின், கிங் ஜோடிகள் 18, ஏஸ், ஜாக் ஜோடிகள் 6, ஆக ஜோடிகள் 24. ஏஸ்-கிங் 12, ஏஸ்-குயின் 12. கிங்-குயின் சூட்டட் 4. மொத்தம் 52-ல் இப்போதைக்கு நீங்கள் முன்னால் இருப்பது நாலே நாலில். இன்னொரு 24-ல் உங்கள் ஏஸ் அவருடைய ஏஸுக்கு அடிமை; அங்கே உங்கள் வெற்றி வாய்ப்பு நாலில் ஒன்றுதான். முதல் இடத்திலிருந்து நீங்கள் தாராளமாக ரெய்ஸ் செய்கிற கை, அதே இடத்திலிருந்து வரும் ரெய்ஸுக்குக் கால் செய்யக்கூட லாயக்கில்லை. இது புரிந்துவிட்டால் பாதி போக்கர் புரிந்த மாதிரி.

அதனால் முன்னால் ரெய்ஸ் வந்துவிட்டால் ஆரம்பக் கட்டத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். குயின் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-கிங்: மறுபடி ரெய்ஸ். அவர் 300 போட்டிருந்தால், அவருக்குப் பின்னால் பேசும் இடத்தில் 900, பிளைண்டில் இருந்தால் 1,200. ஜாக் ஜோடி முதல் 7-7 வரை, சூட்டட் ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின்: அவருக்குப் பின்னால் பேசும் இடம் என்றால் கால். ஏஸ்-குயின் ஆஃப்சூட் கட்ஆஃபிலிருந்தோ பட்டனிலிருந்தோ வரும் ரெய்ஸுக்கு மட்டும் கால். சின்ன ஜோடிகளும் பிளைண்டும் கீழே தனியாக வருகின்றன; மற்றதெல்லாம் போகட்டும், கிங்-ஜாக்கும் ஏஸ்-10-ம் உட்பட.

ஏஸ் ஜோடி, கிங் ஜோடி எப்போதும் உடைகிறது

ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும், அதனால் உடையும்போது வலிக்கிறது. ஆப் மேல் சந்தேகம் வருவதும் இங்கேதான். முதலில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று பாருங்கள். ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் ஏஸ் ஜோடி 85 சதவீதம் ஜெயிக்கும். மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் என்றால் 49. ஐந்து பேரை உள்ளே விட்டால் பாதிக்கு மேல் தோற்பது வழக்கம். அதில் மோசடி எதுவும் இல்லை.

"மறைத்து ஆடலாம்" என்று லிம்ப் செய்வதுதான் இங்கே பொதுவான தவறு. ரெய்ஸ் செய்யுங்கள். இலவச மேசையில் 300-க்கு நாலு பேர் கால் செய்கிறார்கள் என்றால் 500, 600 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒருவரோ இருவரோ மட்டும் வருகிற அளவு எதுவோ அதுதான் அந்த மேசையின் ரெய்ஸ் அளவு. எல்லாக் கைக்கும் அதே அளவைப் போடுங்கள், ஏஸுக்கு மட்டும் பெரிதாகப் போட்டால் கவனிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

கீழே இருக்கும் ஜோடிகளுக்கு வேறு தொல்லை. கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ் விழுவது 22.5 சதவீதம். குயின் ஜோடிக்கு மேலே ஏதாவது ஒன்று விழுவது 41. ஜாக் ஜோடிக்கு 57, அதாவது விழாமல் இருப்பதுதான் ஆச்சரியம். ஜாக் ஜோடியை ஃபிளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்யுங்கள், பெரிய சீட்டு விழுந்து இரண்டு பேர் சிப்ஸ் போட்டால் விட்டுவிடுங்கள்.

சின்ன ஜோடியால் நஷ்டம்

2-2 முதல் 6-6 வரையான ஜோடிகளுக்கு ஒரே வேலைதான்: மூன்றாவது அதே சீட்டைப் பிடித்து செட் ஆவது. அது ஃபிளாப்பில் எட்டரை தடவையில் ஒரு தடவை நடக்கும். ஆகவே ரெய்ஸுக்குக் கால் செய்யும்முன் மிச்சம் இருக்கும் சிப்ஸைப் பாருங்கள். 300 கால் என்றால், உங்களிடமும் அவரிடமும் குறைந்தது 4,500, முடிந்தால் 6,000 இருக்க வேண்டும். எதிராளியிடம் 2,000-தான் மிச்சம் என்றால் செட் அடித்தாலும் ஏழு தடவை போட்டது திரும்பாது. செட் விழவில்லையா, அடுத்த பெட்டுக்கு விட்டுவிடுங்கள். "என்னிடம் ஜோடி இருக்கே" என்று போர்டில் கிங்-10-8 விழுந்த பிறகும் 4-4-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நஷ்டத்தின் ஊற்று.

பிளைண்டில்தான் அதிகம் போகிறது

பிளைண்டில் எல்லோருக்கும் கொஞ்சம் போகும், போகாமல் ஆட முடியாது. அளவுக்கு மீறிப் போகிறது என்றால், "பாதி போட்டாச்சு, மீதியையும் போடுவோம்" என்று ஆடுகிறீர்கள். போட்டது போட்டதுதான், அது இனி பாட்டுக்குச் சொந்தம். கணக்கு இதுதான்: நீங்கள் பிக் பிளைண்டில் இருக்க, ஒருவர் 300 போட்டு ஸ்மால் பிளைண்ட் விலகினால் பாட்டில் 450. நீங்கள் 200 போட வேண்டும், மொத்தம் 650 ஆகும். 200-ஐ 650-ஆல் வகுத்தால் 31 சதவீதம்; குறைந்தது அத்தனை தடவை ஜெயிக்கிற கைதான் கால் செய்யத் தகும். அவர் 200 மட்டும் போட்டிருந்தால் நீங்கள் போட வேண்டியது 100, மொத்தம் 450, தேவை 22 சதவீதம். குறைந்த ரெய்ஸுக்கு அதிகக் கைகளோடு நிற்கலாம், பெரிய ரெய்ஸுக்கு ஜோடிகளும் சூட்டட் பெரிய சீட்டுகளும் போதும். ஃபிளாப்புக்குப் பிறகு நீங்கள் அவருக்கு முன்னால் பேச வேண்டியிருப்பதால் 31 என்ற கணக்கை 36, 37 என்று கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மால் பிளைண்டுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். யாரும் வரவில்லை என்றால் கட்ஆஃப் பட்டியலோடு 300 ரெய்ஸ், இல்லாவிட்டால் ஃபோல்ட்.

ரெய்ஸ் செய்தால் யாரும் கால் செய்வதில்லை

கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெய்ஸ் செய்தால் மேசையே ஓடத்தான் செய்யும். முதல் இடத்தில் எதையும் மாற்றாதீர்கள். பட்டனிலும் கட்ஆஃபிலும் மேலே சொன்ன பட்டியலை முழுசாக ஆடுங்கள், குறிப்பாகச் சூட்டட் ஏஸ்களையும் 8-7, 7-6 சூட்டடையும். எல்லோரும் ஃபோல்ட் செய்தால் 150 சும்மா வரும், அதுவும் வரவுதான்.

நேரம் ஆக ஆகப் பட்டியல் நீளுகிறது

முதல் இருபது நிமிடம் ஒழுங்காகப் போகும். பிறகு கிங்-8 அழகாகத் தெரியும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் ஆடி முடிக்கிறவர்களுக்கு இது கிண்டியைத் தாண்டியதும் ஆரம்பிக்கும். நின்றுகொண்டு ஒரு கையால் ஆடும்போது பொசிஷன் பார்க்கப் பொறுமை இருக்காது. ஆடுவதற்கு முன்பே கை எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள், 60 என்றால் 60. சிக்னல் போனால் ஆப் உங்கள் கையை ஃபோல்ட் செய்துவிடும், அதனால் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மட்டும் ஆடுங்கள். இலவச சிப்ஸ் தீர்ந்துவிட்டால் காசு கொடுத்து நிரப்பாதீர்கள், அடுத்த நாள் இலவசமாக வரும்வரை காத்திருங்கள். நாளைக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்தால், இன்றைக்கு ஜாக்-4-ஐ விடுவது எளிதாகிவிடும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணும்போது தாளில் இரண்டு கட்டம் போடுங்கள்: முதல் இடம், பட்டன். 60 கையில் ஒவ்வொரு இடத்துக்கும் பத்துக் கை வரும், மூன்று தடவை எண்ணினால் முப்பது. முதல் இடத்தில் ஆடியது மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். பட்டனில், முன்னால் ரெய்ஸ் வந்து நீங்கள் விட்டதையெல்லாம் கழித்தாலும், அதைப்போல இரண்டு மடங்காவது வர வேண்டும். இரண்டு கட்டத்திலும் ஒரே எண் வந்தால் நீங்கள் இன்னும் சீட்டை மட்டும்தான் பார்க்கிறீர்கள். பட்டியலை மறுபடி போனுக்குப் பக்கத்தில் வைத்து, முதல் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.